புதுப்பிப்பு: முதலில் மாற்ற வேண்டியது பிக்கப்பா, செடானா?

ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோலுக்கு 15 மைல் தரும் பிக்கப்பை 20 மைல் தருவதாக மாற்றுவதா, 30 மைல் தரும் செடானை விட்டு 40 மைல் தரும் ஹைப்ரிடுக்கு (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த காருக்கு) போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் ஹைப்ரிடையே பரிந்துரைத்தீர்கள். ஆனால் அமெரிக்க எரிசக்தித் துறையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து நடத்தும் மைலேஜ் ஒப்பீட்டு இணையதளத்தில் (fueleconomy.gov), 1984 முதலான மாடல்களை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. அங்கே 100 மைலுக்கு எத்தனை காலன் என்ற கணக்கை எடுத்துக்கொண்டால், பிக்கப்பில் 6.7 காலன் 5 ஆகக் குறைகிறது, செடானிலோ 3.3 காலன் 2.5 ஆக மட்டுமே குறைகிறது. எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகளும் ஏறக்குறைய ஒரே தொலைவு ஓடுவதால், முதலில் பிக்கப்பையே மாற்றப்போகிறோம்.

பழைய வண்டி புதிதாக விற்கப்பட்டபோது அதில் ஒட்டியிருந்த லேபிளில் அச்சிட்டிருந்த மைலேஜ் எண், இந்தத் தளத்தில் ஏன் குறைந்திருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதிவேகம், குளிரூட்டி, கடுங்குளிர் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளும் மைலேஜ் சோதனை முறை 2008 மாடல்களிலிருந்து நடைமுறைக்கு வந்ததால், அதற்கு முந்தைய மாடல்களின் எண்களையும் அதற்கேற்பத் திருத்தியே தளத்தில் காட்டுகிறார்கள். தளம் காட்டும் ஆண்டு எரிபொருள் செலவு 15,000 மைலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அவ்வளவு ஓட்டாதவர்கள் தங்கள் மைல்களையும் உள்ளூர் பெட்ரோல் விலையையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.