பவானிப் பக்கம் பித்தப்பைப் புற்றுநோய்: தாலுகாக் கணக்கு எங்கே கிடைக்கும்?

எங்கள் அம்மாயிக்குப் போன தை மாதம் பித்தப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 68, ஊர் பவானிக்குப் பக்கம். வலது விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சள். வெறும் காமாலை என்று நினைத்து இரண்டு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அது இன்னும் மனதை அறுக்கிறது.

இந்த நோய் கங்கைச் சமவெளியில் அதிகம், தெற்கே குறைவு. ஆனால் எங்கள் வீதியில் மட்டும் மூன்று வருடத்தில் இன்னும் இரண்டு பேர். தற்செயலாகவும் இருக்கலாம்; சின்ன ஊரில் ஒருவர் கூடினாலே விகிதம் எகிறிவிடும். அதனால்தான் கணக்கு வேண்டும்.

மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையைப் பார்த்தேன், மாவட்டத்தோடு நின்றுவிட்டது. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டேன், பதில் இல்லை.

தாலுகா வாரியான எண்ணிக்கையை யாரிடம், எப்படி எழுதிக் கேட்க வேண்டும்?