கேரவன் ட்ரெய்லர்: பெட்டி மாடலா, மடக்கு டென்ட் மாடலா? கிட்டத்தட்ட ஒரே விலை, குழம்பிப் போயி நிக்கேன்

பாளை பொலேரோ:

எல்லாருக்கும் வணக்கம். வருசா வருசம் குத்தாலம் சீசனுக்கு லாட்ஜ் தேடி அலைஞ்சு, கேட்ட காசக் குடுத்து, மூட்டப்பூச்சி கடி வாங்கிட்டு வாறதே பொழப்பாப் போச்சு, அதான் இந்த வருசம் பொலேரோ பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன கேரவன் ஒண்ணு வாங்கிருவோம்னு வீட்ல முடிவு பண்ணிட்டோம். நானு, வீட்டுக்காரி, 10 வயசுல பொண்ணு, 6 வயசுல பையன், எங்க அம்மா. அம்மாவுக்கு முட்டுவலி.

ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ரெண்டு பேருமே ஆர்டர் குடுத்தா செஞ்சு தாறவங்கதான், ஒண்ணு 4.85 லட்சம், இன்னொண்ணு 4.70. மொதல்ல உள்ளது பெட்டி மாடல், ஃபைபர் பாடி, உள்ள பெரியவங்க ரெண்டு பேருக்குக் கட்டில், அதுக்கு மேல புள்ளைகளுக்கு ரெண்டு பலகை, பின்கதவத் தூக்குனா அடுப்பு, சிங்க், அதுக்கு அடியில 60 லிட்டர் தண்ணி டேங்க். காலியா 620 கிலோன்னு சொல்லுதாங்க. அடுத்தது மடக்கு மாடல், கேன்வாஸ் டென்ட், விரிச்சா ரெண்டு பக்கமும் கட்டில் நீளும், அஞ்சு பேரும் தாராளமாப் படுக்கலாம், 410 கிலோதான். மடக்கிட்டா போர்ட்டிகோவுலயே நிப்பாட்டிரலாம். பெட்டி உயரம் ஜாஸ்தி, தெருவுலதான் நிக்கணும், எங்க தெருவுல ஆட்டோ வந்தாலே பைக்க எடுக்கச் சொல்லுவாவ.

எனக்கு மடக்கு மேல ஆச, வீட்டுக்காரிக்கு பெட்டி மேல ஆச. எதை வாங்கலாம்?

செங்கோட்டை சாரல்:

மடக்கு மாடல் வச்சிருந்து வித்தவன் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ஜூலை மாசம் புளியரைப் பக்கம் சித்தப்பா தென்னந்தோப்புல மூணு நாள் போட்டோம். மூணு நாளும் சாரல். நாங்க நனையல, உள்ள ஒழுகவும் இல்ல, ஆனா கிளம்புற அன்னைக்கும் தூறிக்கிட்டேதான் இருந்துச்சு, ஈரத்தோடயே மடக்கிக் கொண்டாந்து வீட்ல போட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழம தொறந்து பாத்தா உள்ள பூராவும் கருப்புக் கருப்பா பூஞ்சை, மெத்தையெல்லாம் ஒரே நாத்தம். துணி மாடல்னா வீட்டுக்கு வந்த மறுநாளே முழுசா விரிச்சுக் காயப் போட்டாகணும். போர்ட்டிகோவுல நிப்பாட்ட எடம் இருக்குங்கிய, விரிக்க எடம் இருக்கா? மொட்டமாடிக்கு இதத் தூக்கிட்டுப் போக முடியாது பாத்துக்கிடுங்க.

குத்தாலத்துக்காக வாங்குறேன்னு சொல்லிட்டு துணியில வாங்குறது எனக்கு விளங்கல. அதுலயும் ஆனி ஆடிக் காத்துக்கு ராத்திரி பூரா துணி படபடன்னு அடிச்சா புள்ளைக எங்க தூங்கும்?

அம்பை டீசல்:

மேல அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி, அதுக்காக உடனே பெட்டிக்கு அட்வான்ஸ் குடுத்துராதிய. 620ங்கிறது காலி எடை. 60 லிட்டர் தண்ணின்னா அதுவே 60 கிலோ, பேட்டரி, சிலிண்டரு, பாய் தலகாணி, அரிசி பருப்பு, நம்ம ஆளுக கொண்டு போற சட்டி பானை எல்லாம் சேந்தா 800அத் தொட்டுரும். இழுக்க எவ்வளவு அனுமதின்னு உங்க வண்டி மேனுவல்ல மொதல்ல பாருங்க, கடைக்காரன் வாய்ப்பேச்ச நம்பாதிய.

அதவிட முக்கியம், பாரம் எங்கன உக்காருதுங்கிறது. எங்க தாத்தா மாட்டுவண்டி வச்சிருந்தாவ, நெல்லு மூட்டை ஏத்தயில முன்பாரம் பின்பாரம் பாத்துப் பாத்து அடுக்குவாவ. பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேல தூக்கி மாட்டுக்குக் கழுத்துக்கயிறு இறுக்கும், முன்பாரம் ஆச்சுன்னா மாடு கழுத்து அமுங்கிப் போவும். ட்ரெய்லரும் அதே கணக்குதான். உங்க பெட்டியில அடுப்பு, சிங்க், தண்ணி எல்லாமே சக்கரத்துக்குப் பின்னால தொங்குது. அப்படியே நாலு வழிச் சாலையில 80ல போவையில ஆம்னி பஸ் ஒண்ணு உரசிட்டுப் போனா வாலு ஆட ஆரம்பிக்கும், அது பொலேரோவையும் சேத்து இழுத்து ஆட்டும். ஆடுனா பிரேக்க ஓங்கி மிதிக்காதிய, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு ஸ்டியரிங்க நேராப் புடிங்க, வேகம் குறைஞ்சா தானா அடங்கும்.

வண்டியில மாட்டுற கொக்கி மேல ட்ரெய்லர் மொத்த எடையில பத்துல ஒரு பங்காவது உக்காரணும், 800ன்னா 80 கிலோ. கழட்டி நிப்பாட்டயில ட்ரெய்லர் முன்பக்கத்தத் தாங்குற மூக்குக் காலுக்கு அடியில எடை பாக்குற மெஷின வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும். டேங்க ஆக்சிலுக்குப் பக்கத்துல முன்னால கொண்டு வரச் சொல்லுங்க, ஆர்டர்லதான செய்யுதாவ. பிரேக் இருக்கான்னும் கேளுங்க. ஐரோப்பாவுல 750 கிலோவுக்கு மேல போனா ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஆரியங்காவு எறக்கத்துல 800 கிலோ பின்னால இருந்து தள்ளும்போது அது ஏன்னு உங்களுக்கே புரியும்.

ஆர்சி விசயமும் கேளுங்க, 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல ட்ரெய்லரும் மோட்டார் வாகனக் கணக்குதான், அதுக்குத் தனியா ரெஜிஸ்ட்ரேசன் வேணும். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்"னு சொன்னா வண்டியத் திருப்பிட்டு வந்துருங்க.

கடையம் மதினி:

இவ்வளவு பேரு பேசுதிய, அத்தை எங்க படுப்பாவன்னு யாருமே கேக்கலையே. மடக்கு மாடல்ல கட்டில் இடுப்பு உயரத்துக்கு மேல நிக்கும், ஏணி வச்சுத்தான் ஏறணும், முட்டுவலிக்காரவ ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சா என்ன செய்வாவ? பெட்டியிலயும் நாலு பேருக்குத்தான கணக்கு சொல்லியிருக்கிய, அஞ்சாவது ஆளு நீங்கதான் வெளிய. பெட்டிய வாங்கி, பக்கத்துல ஒரு தார்ப்பாய் இழுத்துக் கட்டி நாரு கட்டில் போட்டு நீங்க படுங்க, கீழ்க்கட்டில்ல அத்தையும் உங்க வீட்டுக்காரியும் படுக்கட்டும். கக்கூஸ் பத்தி ரெண்டு மாடல்லயும் ஒரு வார்த்தை காணோம், அத யாரு யோசிக்கிறது?

ஆத்தங்கரைக்காரன்:

வாங்கி எங்க நிறுத்தப் போறியன்னு ஒரு கேள்வி. முண்டந்துறை, மாஞ்சோலைப் பக்கம் புலிகள் காப்பகம், ட்ரெய்லரோட ராத்தங்க விடமாட்டாவ. குத்தாலத்துல சீசன்ல காரு நிப்பாட்டவே எடம் இல்ல. உவரி கடற்கரை மணல்ல எறக்குனா டிராக்டர் வச்சுத்தான் எடுக்கணும். சொந்தக்காரவ தோப்பு இருந்தா மட்டும் வாங்குங்க. ஆத்துக்குள்ள, ஓடையோரம் மட்டும் போட்டுராதிய, 2023 டிசம்பர்ல தாமிரபரணி வந்த வரத்து மறந்திருக்காது.

பாளை பொலேரோ:

எல்லாருக்கும் நன்றி. மதினி பதில வீட்டுக்காரி சத்தம் போட்டு வாசிச்சா, அம்மா சிரிச்சுட்டே "அந்தப் புள்ளைக்காவது தெரியுதே"ன்னாவ. மடக்கு மாடல் கேன்சல், ஈரத்த விரிக்க எங்களுக்கு எடமே கெடையாது. பெட்டிக்காரர்ட்ட பேசுனேன், டேங்க முன்னால மாத்தித் தாறேன்னாரு, பிரேக்குக்கு 22,000 தனியாவாம், ஆர்சி அவரே எடுத்துத் தாறாராம், அத எழுதித் தரச் சொல்லியிருக்கேன். நிப்பாட்ட மச்சான் ரைஸ்மில் செட்டு இருக்கு. தோப்பு, சிவசைலத்துல மாமா வீட்டுது, பம்புசெட்டும் கக்கூசும் உண்டு. ரிவர்ஸ் எடுக்கத்தான் பயமா இருக்கு, ஸ்டியரிங்க எதிர்ப்பக்கமா ஒடிக்கணுமாமே? அம்பை அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம ஃப்ரீயா இருந்தா சொல்லுங்க, மில்லு களத்துல பழகிக்கிடுதேன்.