புதுப்பிப்பு: மழலையர் பள்ளியில் மகளுக்கு வந்த தடிப்பு – காரணம் தெரிந்தது

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள என் மகளுக்கு, கடலையே தொடாத நாட்களிலும் மழலையர் பள்ளியில் உதட்டைச் சுற்றித் தடிப்பு வருகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, கை கழுவும் முறையைக் கவனிக்கச் சொன்னவரின் யோசனை. அங்கே சாப்பிட்டதும் பிள்ளைகளின் கையில் சானிடைசர் ஜெல் மட்டும் தடவிவிடுவார்கள். அது கிருமியைக் கொல்லும். கடலைப் புரதத்தை அகற்றாது. அதே பிசுபிசுத்த விரல்கள் பொம்மைக்கு, பொம்மை நேராக இவள் வாய்க்கு! இப்போது எல்லோருக்கும் சோப்பும் தண்ணீரும்தான். தடிப்பு நின்றுவிட்டது.

எதிர்பாராத ஒன்று: நடுவில் ஒருமுறை மறுபடி சிவந்தது. தக்காளியின் புளிப்பு தோலை உறுத்தியிருக்கிறது, ஒவ்வாமை அல்ல என்றார் மருத்துவர். சாப்பாட்டுக்கு முன் வாயைச் சுற்றிப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறோம். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய எபிநெஃப்ரின் ஊசி வழக்கம்போல் அவள் பையிலேயே இருக்கிறது.