புதுச் செயின் போட்டபின் மிதிக்கும்போது பல் தாவுகிறது: பழைய 28 அங்குல சைக்கிள், உதவி தேவை

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அப்பா வேலைக்குப் போய்வந்த 28 அங்குல கறுப்பு சைக்கிளை மீண்டும் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். ராடு பிரேக், காட்டர் பின் (மிதிக்கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு) அடித்த கிராங்க். முன்னால் செயின் வீலில் 48 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் மாற்றியாகிவிட்டது. செயின் மட்டும் தொங்கிக்கொண்டு அடிக்கடி கழன்று விழுந்தது. கடையில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு மாட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் தொங்கியது. பொறுத்துப் பார்த்துவிட்டுப் புதுச் செயினே வாங்கிப் போட்டேன்.

இப்போது வேறு தொல்லை. சமதளத்தில் மெதுவாக மிதித்தால் ஒன்றும் தெரிவதில்லை. ரயில்வே மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் 'கடக்' என்று ஒரு சத்தம் வருகிறது. கால் சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. பழைய செயினில் இப்படி நடந்ததே இல்லை. புதுச் செயின் மட்டமானதா, அல்லது நீளம் சரியில்லையா?

இன்னொன்று. மிதி ஒரு சுற்று வருவதற்குள் ஒருமுறை 'டக்' என்ற மெல்லிய தட்டல் கேட்கிறது. இது செயின் மாற்றுவதற்கு முன்பிருந்தே உண்டு. கடையில் கேட்டால் "செட்டாக மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

பழைய ஃபிட்டர்:

தம்பி, புதுச் செயினைக் குறை சொல்லாதீர்கள். அது ஒழுங்காக இருப்பதால்தான் தாவுகிறது.

சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. செயின் நீள்கிறது என்கிறோமே, தகடு எதுவும் இழுபடுவதில்லை. பின்னும் அது சுழலும் துளையும் தேய்ந்து, ஒவ்வோர் இடைவெளியும் மயிரிழை அளவு கூடுகிறது. கூடிய இடைவெளிக்கு ஏற்றபடி ஃப்ரீவீல் பல்லும் தேய்ந்து வளைந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்தே தேய்ந்ததால் பழைய செயின் சத்தமில்லாமல் ஓடியது. இப்போது அரை அங்குலம் பிசகாத செயினைக் கொண்டுபோய் அந்தத் தேய்ந்த பல்லில் உட்காரச் சொல்கிறீர்கள். அழுத்தி மிதித்ததும் உருளை பல்லின் முதுகில் ஏறி அடுத்த பள்ளத்தில் விழுகிறது. நீங்கள் கேட்கும் 'கடக்' அதுதான்.

பழைய செயினைத் தூக்கி எறியவில்லை என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, ஆணியில் தொங்கவிட்டு அளந்து சொல்லுங்கள். இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், 24 இடைவெளி தள்ளி இருக்கும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். அங்கே 1/8 அங்குலம் கூடியிருந்தால் ஏறக்குறைய 1 சதவீதத் தேய்மானம். இந்த வகை சைக்கிளுக்கு அதுதான் எல்லை. கியர் சைக்கிள்காரர்கள் அதில் பாதிக்கே மாற்றிவிடுவார்கள்.

காவிரிக்கரை:

நன்றி ஐயா. பழைய செயின் கோணிப்பையில் பத்திரமாக இருந்தது. அளந்தேன்: 12 அங்குலமும் 3/16-ம்.

பழைய ஃபிட்டர்:

ஒன்றரை சதவீதத்துக்கும் மேல். 112 இடைவெளி உள்ள செயின் என்றால் மொத்த நீளம் 56 அங்குலம். உங்களுடையது முக்கால் அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்கிறது. கண்ணி எடுத்தால் தொங்கல் குறையுமே தவிர, இடைவெளி பழையபடி ஆகாது. அப்படியே ஓட்டினால் அது ஃப்ரீவீலையும் தின்றுகொண்டேதான் இருக்கும். கண்ணி எடுப்பது கடைக்காரருக்கு ஐந்து நிமிட வேலை, வாடிக்கையாளருக்கும் அப்போதைக்கு நிம்மதி. அதனால்தான் இந்த வழக்கம் சாகவே மாட்டேன் என்கிறது.

சாலையோரம்:

என் கருத்து வேறு. செயின், ஃப்ரீவீல், செயின் வீல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதே நல்லது. தேய்ந்த ஒன்றை விட்டுவைத்தால் அது புதியதைக் கெடுக்கும். கடைக்காரர் சொன்னதில் தவறில்லை.

பழைய ஃபிட்டர்:

ஃப்ரீவீலைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன். செயின் வீலைக் கண்ணால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 48-ஐ 18-ஆல் வகுத்துப் பாருங்கள். செயின் வீல் ஒருமுறை சுற்றுவதற்குள் ஃப்ரீவீல் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடுகிறது. ஆகவே பின்பல் ஒவ்வொன்றுக்கும் அத்தனை மடங்கு வேலை. மேலும், முன்னால் இழுவிசையை இருபதுக்கு மேற்பட்ட பற்கள் பகிர்ந்துகொள்கின்றன; பின்னால் எட்டு ஒன்பது பற்கள்தான். பழைய கனத்த எஃகு செயின் வீல் மூன்று ஃப்ரீவீலைப் பார்த்துவிட்டும் நன்றாக இருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு மெல்லிய தகட்டில் அடித்த ஒன்றை மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

தம்பி, புதுச் செயின் இப்போது மாட்டியிருக்கிறதல்லவா? செயின் வீலின் முன்பக்க நடுவில், செயினை விரலால் பிடித்து முன்னோக்கி இழுங்கள். பல்லை விட்டு அசையவில்லை என்றால் வீல் நன்றாக இருக்கிறது. பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரியும்படி விலகினால் சாலையோரம் சொல்வதைக் கேளுங்கள். பல்லின் உருவத்தையும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்க வேண்டும். ஒருபக்கம் குடைந்து சுறாவின் முதுகுத் துடுப்பு போலச் சாய்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது.

காவிரிக்கரை:

செயின் வீலில் ஏறக்குறைய அசைவே இல்லை. ஃப்ரீவீல் பற்களோ நீங்கள் சொன்ன துடுப்பேதான். சில பற்களில் முனை ஊசியாக இருக்கிறது. ஃப்ரீவீலை நானே கழற்ற முடியுமா?

யாழ் ரலி:

வணக்கம், யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் சைக்கிளிலேயே வாழ்ந்தவர்கள் நாங்கள். ரலி சைக்கிள்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன, என்னுடையதும் அதில் ஒன்று.

கழற்றுவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள். தாவுவது செயினா, அல்லது ஃப்ரீவீலின் உள்ளே, மிதிக்கும்போது பல்வளையத்தைச் சக்கரத்தோடு கோர்க்கும் சிறு நாக்கா? சைக்கிளைச் சுவரில் சாய்த்து, ஒருவரைப் பின்பிரேக்கை இறுகப் பிடிக்கச் சொல்லி, கையால் மிதியை அழுத்திப் பாருங்கள். செயின் பல்லின் மேல் ஏறினால் தேய்மானம். செயின் பல்லில் அப்படியே இருக்க, பல்வளையம் மட்டும் ஹப்பின் மேல் வழுக்கினால் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று பொருள். அதற்கு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டாலே போதும். உள்ளே கிரீஸ் மட்டும் திணிக்கவேண்டாம், நாக்கு எழும்பாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும்.

காவிரிக்கரை:

பார்த்துவிட்டேன் அண்ணா. செயின்தான் ஏறுகிறது.

பழைய ஃபிட்டர்:

நல்ல சோதனை. எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டியது. சரி, கழற்றும் வேலைக்கு வருவோம்.

ஃப்ரீவீல் ஹப்பில் சாதாரண வலது மரையில் ஏறியிருக்கிறது. நீங்கள் மிதித்த ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அச்சுக்கு அருகே உள்வளையத்தில் இரண்டு பள்ளம் தெரியும். அதற்கேற்ற ரிமூவர் கிடைத்தால் அதை வைஸில் செங்குத்தாகப் பிடித்து, சக்கரத்தை அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். ரிமூவர் நழுவாதபடி அச்சு நட்டால் லேசாகப் பிடித்துக்கொண்டு, ரிம்மைக் கார் ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். அரைச் சுற்று இளகியதும் அந்த நட்டை எடுத்துவிடுங்கள்.

ரிமூவர் கிடைக்காவிட்டால் பட்டறை வழி. முகப்பு மூடியில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். அதில் பஞ்ச் வைத்துத் தட்டுங்கள். இந்த மூடிக்கு இடது மரை. வலப்பக்கமாகத் தட்டினால்தான் கழலும். கீழே பழைய வேட்டியை விரித்துவிடுங்கள், சிறு பால்ஸ்கள் சிதறி ஓடும். பல்வளையம் கையோடு வந்துவிடும். மிஞ்சும் உள்வளையத்தை வைஸில் நேரடியாகக் கடித்துப் பிடித்து ரிம்மைத் திருப்பலாம். அந்த ஃப்ரீவீல் அதோடு போயிற்று, ஆனால் எப்படியும் குப்பைக்குப் போவதுதானே.

ரிம் மாற்றும் எண்ணமிருந்தால் கம்பிகளை அறுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். கம்பி போனபின் வெறும் ஹப்பைப் பிடித்துத் திருப்ப யாராலும் முடியாது.

யாழ் ரலி:

புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதலில் பின்புறமாகச் சற்றுத் திருப்பி, மரையின் முனை 'க்ளிக்' என்று விழுவதை உணர்ந்தபின் கையாலேயே ஏற்றுங்கள். சாவி போட்டு ஆரம்பிக்கவேண்டாம். ஃப்ரீவீல் மரை பெரும்பாலும் 1.375 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. நாட்டிங்காமில் செய்த பழைய ரலியில் பி.பி. கப் (கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் கிண்ணம்) மட்டும் 26 சுற்று. கடையில் இருப்பது 24 சுற்றுக் கப். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஏற்றினால் இரண்டு சுற்றில் சிக்கி, ஃபிரேமின் மரையையே அரைத்துவிடும். உங்கள் சைக்கிள் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, ஆகவே கப்பைக் கழற்றினால் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

காவிரிக்கரை:

அந்த 'டக்' பற்றி?

பழைய ஃபிட்டர்:

கிராங்க் இரண்டையும் தரைக்கு இணையாக நிறுத்துங்கள். வலது கிராங்கை இறுகப் பிடித்துக்கொண்டு இடதை அழுத்திப் பாருங்கள். ஒன்று நிற்க மற்றது நூலளவு நகர்ந்தால் காட்டர் பின் தேய்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் பி.பி. கப் தளர்ந்திருக்கிறது.

பின்னை எடுக்க: நட்டைத் தளர்த்துங்கள், முழுவதும் எடுக்க வேண்டாம். நட்டின் முகமும் பின்னின் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். கிராங்குக்குக் கீழே, பின்னின் தலை உள்ளே போகும்படி ஒரு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து, கனமான சுத்தியலால் ஒரே அடி. முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் பி.பி. பால்ஸ் மேல் இறங்கி, கப்பில் குழி விழும். பயந்து பயந்து பத்து முறை தட்டினால் பின் நசுங்கி உள்ளேயே பிதுங்கிக்கொள்ளும்.

பின் வாங்கும்போது தடிமனை அளந்து வாங்குங்கள். பிரிட்டிஷ் வழி சைக்கிள்களில் 9.5 மி.மீ., வேறு சிலவற்றில் 9. அரை மில்லிமீட்டர் ஒல்லியான பின் கிராங்குக்குள் தொளதொளவென்று நிற்கும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். இரண்டின் சரிவு முகமும் ஒரே அளவாக இல்லாவிட்டால் மிதிகள் நேர்கோட்டில் நிற்காது. தேவைப்பட்டால் தட்டை அரம் போட்டுச் சரிசெய்யலாம். எந்தக் கிராங்கைக் கீழே தொங்கவிட்டாலும் நட்டு ஒரே பக்கம் பார்க்க வேண்டும். சுத்தியலால் அடித்து உட்காரவைத்தபின்தான் நட்டு. நட்டால் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தால் மரை உரியும்.

காவிரிக்கரை:

இடது பின் நகர்கிறது, சந்தேகமே இல்லை. இரண்டு பின்னும் வாங்கிவிடுகிறேன். கடைசியாக ஒன்று. ஃப்ரீவீல் மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 18 பல்லுக்குப் பதில் 20 அல்லது 22 போட்டால் மேம்பாலம் ஏறச் சுலபமாக இருக்குமா? செயின் பற்றாமல் போகுமோ?

சாலையோரம்:

நான் 22 போட்டிருக்கிறேன். ஏற்றம் சுகம். ஆனால் சமதளத்தில் கால் வீணாகச் சுற்றுவது போல இருக்கிறது.

பழைய ஃபிட்டர்:

உங்கள் சக்கரத்துக்கு 18 பல்லில் ஒரு முழு மிதிச் சுற்றுக்கு ஏறக்குறைய 6 மீட்டர் போவீர்கள். 20 என்றால் 5.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 22 என்றால் 4.9. ஒரே ஒரு மேம்பாலம்தான் என்றால் 20 போதும்.

இரண்டு பல் கூடினால் செயின் அரை அங்குலம் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். அதற்காகப் பின் அச்சு கால் அங்குலம் முன்னே வரும். உங்கள் ஃபிரேமில் பின் அச்சு உட்காரும் காடியில் அந்த இடம் தாராளமாக இருக்கும், புதுச் செயினை வெட்டவோ நீட்டவோ வேண்டியதில்லை. அச்சு முன்னே வந்ததும் பிரேக் கட்டை ரிம்மில் உட்காரும் இடம் மாறும், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கீழ்ச் செயின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஏறி இறங்கட்டும். செயின் வீலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் வைத்து இதைப் பாருங்கள். செயின் லாக்கின் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப்பின்) மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் காட்டர் பின்னுக்கு இன்னொரு தட்டு, நட்டுக்கு இன்னொரு கால் சுற்று.