வடக்கு வீதி வீட்டார் குழு: நிலன் ரூம் கதவுக்கு மேல

செவ்வாய்க்கிழமை

மாலை 5:19
கவிதா: (படம்)
கவிதா: யாராவது முழிச்சிருக்கீங்களா
கார்த்தி: சாயங்காலம் அஞ்சே காலுக்கு தூங்க நாங்க என்ன சிட்னியிலயா இருக்கோம்
கவிதா: படத்தைப் பாருடா
கார்த்தி: ஐயோ
கார்த்தி: நண்டா அக்கா?
தீபா: சே. சொல்லிட்டு போடக்கூடாதா. பஜ்ஜி சாப்பிட்டுட்டு இருக்கேன்
சாந்தி: என்னமா அது கருப்பா தெரியுது. கண்ணாடி உள்ள இருக்கு
கவிதா: எட்டுக்கால் பூச்சிம்மா. கால் விரிச்சா என் உள்ளங்கை அகலம். நிலன் ரூம் கதவுக்கு நேர் மேல உக்காந்திருக்கு. அவன் உள்ள தூங்குறான். அருண் பிரிஸ்பேன் போயிருக்காரு, வியாழக்கிழமைதான் வருவாரு. இங்க மணி பதினொண்ணு ஆகப்போகுது
சாந்தி: கடவுளே
ராஜி: விளக்கமாத்தால ஒரே போடு
ராஜி: ஆனா விளக்கு வச்ச பின்னாடி அடிக்கக்கூடாது
கார்த்தி: அத்தை அங்க நடுராத்திரி
ராஜி: அப்ப இன்னும் கூடாது

மாலை 5:26
ராஜகோபால்: கவிதாவுக்கு. பதற்றம் வேண்டாம். முதலில் இனம் காண வேண்டும். நீ குடியிருக்கும் சிட்னியைச் சுற்றித்தான் ஃபன்னல் வெப் என்கிற புனல்வலைச் சிலந்தி இருக்கிறது. பளபளக்கும் கருப்பு. மண்ணில் வளை. பெண்ணைவிட ஆணுக்கே கடும் விஷம், அதுதான் வெயில் காலத்தில் ஜோடி தேடி வளையை விட்டு வெளியே அலையும். 1981க்கு முன் இதனால் 13 பேர் இறந்ததாகப் பதிவு உள்ளது. அந்த ஆண்டு மெல்போர்னில் ஸ்ட்ரூவன் சதர்லாந்து என்ற மருத்துவரின் முயற்சியால் மாற்று மருந்து வந்தது. அதன்பின் ஒரு சாவு கூடக் கிடையாது. எனவே அஞ்ச வேண்டாம். (பகுதி 1)
சாந்தி: சாவா???
சுந்தரம்: 👍
கார்த்தி: அப்பா எதுக்கு கட்டைவிரல்
கவிதா: பெரியப்பா இப்ப இதுவா
தீபா: அப்பா கொஞ்சம் நிறுத்துங்க 🙏
ராஜகோபால்: தகவல் தெரிந்தால் பயம் போகும் என்பதற்காகச் சொன்னேன். 34 வருடம் பெல் (BHEL) தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். இனம் காணாமல் எதையும் ஒதுக்க முடியாது.
சாந்தி: கவி நீ பிள்ளையைத் தூக்கிட்டு வெளியில வந்துடு
கவிதா: கதவைத் திறந்தா அது உள்ள போயிடும்மா. அதான் அசையாம நிக்கிறேன்
கார்த்தி: பிரபு மச்சானைக் கூப்பிடு. அவர் 12 வருஷமா அந்த ஊர்தானே
கவிதா: அவரு பெர்த்டா. இங்கருந்து பிளேன்ல அஞ்சு மணி நேரம்
ராஜி: அவன் எடுக்க மாட்டான். பெத்தவ கூப்பிட்டாலே எடுக்கிறதில்ல
பிரபு: பார்த்துட்டேன்
பிரபு: ஹண்ட்ஸ்மேன்
பிரபு: ஒண்ணும் பண்ணாது. விடு
கவிதா: விடுன்னா?
பிரபு: அது பாட்டுக்கு இருக்கும். வலை கட்டாது. கரப்பான் திங்கும். எங்க கராஜ்ல ஒண்ணு இருக்கு, பசங்க பேர் வச்சிருக்காங்க
கவிதா: அத்தான் எனக்கு ஏழு மாசம். ஒரு கையில செருப்பு ஒரு கையில போன். பேர் வைக்கிற நிலைமையில இல்ல
தீபா: நாற்காலி கீற்காலி மேல ஏறித் தொலைக்காதே
கவிதா: மார்ட்டீன் ஸ்ப்ரே இருக்கு. அடிக்கட்டுமா
பிரபு: வேணாம். அடிச்ச உடனே சாகாது. தறிகெட்டு ஓடும். உன் மேலயே விழும். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை வேற
பிரபு: டவலை உருட்டி கதவு அடியில வை. போதும்
ராஜகோபால்: ஒரு சிறு திருத்தம். ஹண்ட்ஸ்மேன் மரப்பட்டைக்கு அடியில் வாழும் இனம். உடல் தட்டை. ஆகவே கதவின் மேல் இடுக்கு வழியாகவும் சுலபமாக நுழைந்துவிடும்.
கவிதா: ரொம்ப நன்றி பெரியப்பா

மாலை 5:38
ராஜி: கடிக்கிறது இருக்கட்டும். மேல மூத்திரம் போயிடுச்சுன்னா கொப்பளமா வரும். அக்கி. அம்மாவுக்கு இடுப்பைச் சுத்தி வந்துச்சே ஞாபகம் இருக்கா அண்ணி. மேட்டுத் தெரு குயவர் வந்து காவியால சிங்கம் எழுதிட்டுப் போனார், மூணாம் நாள் வத்துச்சு
தீபா: அத்தை அக்கி வைரஸ். சின்னம்மை போட்டவங்களுக்கு அதே கிருமி வருஷம் கழிச்சு திரும்ப எழுந்திரிக்கும். பூச்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல
ராஜி: பல் டாக்டர் பல்லைப் பார்த்தா போதும்
கார்த்தி: 😂
ராஜி: சிட்னில அக்கி வந்தா யார் எழுதுவா? அதைச் சொல்லுங்க
பிரபு: அம்மா
ராஜி: அவனவன் தெரிஞ்ச ஊர்ல, தெரிஞ்ச மனுஷங்களோட இருக்கணும். நான் அப்பவே பெர்த்துக்குத்தான் கேட்டேன். ஜாதகம் பொருந்தலைன்னு சொன்னாங்க
பிரபு: அம்மா!!!
ராஜி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)
சாந்தி: படிச்சாச்சு ராஜி
கவிதா: இன்னும் அங்கேயே இருக்கு. ஒரு கால் மட்டும் ஆட்டுது
கார்த்தி: அக்கா உத்துப் பார்த்தா இதை நாம முன்னாடியே பார்த்திருக்கோம். வடக்கு வீதி வீட்ல கொல்லைப் பக்கம் குளியலறை. வாளிக்குப் பின்னாடி ஒண்ணு இருக்குமே, வயித்துக்கு அடியில வெள்ளையா பழைய ஒரு ரூபா மாதிரி முட்டையைக் கட்டிக்கிட்டு
பிரபு: அதே குடும்பம்தான். ஊர்ல இருக்கிறது பழுப்பு. இங்க கொஞ்சம் சாம்பல்
கவிதா: அதுவா??
கவிதா: அதுக்குப் பயந்து தாத்தாவை வாசல்ல நிக்க வச்சிட்டுத்தான் குளிப்பேன்
தீபா: நீ மட்டுமா. நான் பத்தாவது வரைக்கும்
சுந்தரம்: அப்பா அதை அடிக்க விடமாட்டார்
கார்த்தி: அப்பா டைப் பண்ணிட்டார் 😳
ராஜகோபால்: எப்படி விடுவார்? நாம் பிறந்தது ஆனைக்காவில். லிங்கத்தின் மேல் சருகு விழக்கூடாதென்று வலை பின்னிய சிலந்தி, அதைக் குப்பை என்று தினமும் கலைத்த யானை. ஒரு நாள் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்தது, இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட்சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாதபடி மாடக்கோயில்களாகக் கட்டினான் என்பது தலபுராணம். போன ஜன்மத்துப் பகை. அப்பா ஒட்டடை அடிக்கும்போதுகூட ‘ராஜா, நகரு’ என்பார்.
கவிதா: ஆமா ‘ராஜா நகரு’ ❤️
ராஜி: அந்தக் குளியலறையும் போச்சு வீடும் போச்சு. ராஜா எங்க போச்சோ. கையெழுத்து போட மட்டும் என்னை மதுரைல இருந்து வரச் சொன்னீங்க
ராஜகோபால்: அது வேறு விஷயம். தனியாகப் பேசலாம்.
ராஜி: நாலு வருஷமா தனியாத்தான் பேசறோம்
சாந்தி: பிள்ளைத்தாச்சி பொண்ணு அங்க தனியா நிக்குது. பங்கை அப்புறம் பிரிக்கலாம்

மாலை 5:52
கவிதா: காணோம்
தீபா: என்னது
கவிதா: அதைக் காணோம். ஒரே ஒரு செகண்ட் உங்க சண்டையைப் படிச்சேன். திரும்பினா இல்ல
கார்த்தி: போச்சு
பிரபு: ரூமுக்குள்ள போயிருந்தாலும் பரவாயில்ல கவிதா. நிஜமா. அது குழந்தைகிட்ட வராது
சாந்தி: நீங்க சும்மா இருங்க மாப்ள. பச்சப் பிள்ளை தூங்குது
கவிதா: நான் பவானி ஆன்ட்டியைக் கூப்பிடப் போறேன்
சாந்தி: யாரு
சாந்தி: கவி யாரு அது
சாந்தி: கவி
கார்த்தி: அக்கா
தீபா: போன் எடுக்க மாட்டேங்குறா
சாந்தி: பெரிய மாமா நீங்க அடிச்சுப் பாருங்க
ராஜகோபால்: மணி அடிக்கிறது. எடுக்கவில்லை. இடைப்பட்ட நேரத்தில் முதலுதவி பற்றிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். புனல்வலை கடித்தால் பாம்புக்கடி போலவே, கடித்த கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகக் கட்டுத்துணி சுற்றி, அசையாமல் வைத்து, அவசர எண் 000 அழைக்க வேண்டும். முதுகில் சிவப்புக் கோடு உள்ள ரெட்பேக் கடித்தால் கட்டு கூடாது, வலி கூடும். பனிக்கட்டி ஒற்றடம். ரெட்பேக்குக்கு 1956லேயே மருந்து வந்துவிட்டது. அங்கே ஓர் ஊர்வனப் பூங்காவில், பொதுமக்கள் டப்பாவில் பிடித்துத் தரும் புனல்வலைகளில் விஷம் எடுக்கிறார்கள், அதிலிருந்துதான் மருந்து. நம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பில் செய்வதைத்தான் அங்கே சிலந்தியில் செய்கிறார்கள். (பகுதி 2)
சுந்தரம்: 👍
பிரபு: ரெட்பேக் உண்மை. வீட்டுக்குள்ள அதிகம் வராது. தபால் பெட்டி, வெளிய போட்ட நாற்காலி அடியில இருக்கும். கை விடறதுக்கு முன்னாடி பார்க்கணும்
தீபா: பூச்சி கடிச்சு சந்தேகம்னா அங்க விஷத் தகவல் மையம் 13 11 26. கவி இதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டு. அப்பா சொன்னதுல இதுதான் இல்ல
ராஜகோபால்: பகுதி 3இல் வருகிறது.

மாலை 6:14
கவிதா: பிடிச்சாச்சு 😭😭
சாந்தி: அப்பாடா. முருகா
கவிதா: கீழ் வீட்டு பவானி ஆன்ட்டி. யாழ்ப்பாணம். நைட்டிக்கு மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, காலி ஐஸ்கிரீம் டப்பாவும் காலண்டர் அட்டையும் எடுத்துக்கிட்டு வந்தாங்க. நான் கதவைத் திறக்க மாட்டேன்னு அழறேன். அவங்க ‘இது ஒண்டும் செய்யாது பிள்ளை. தொண்ணூறாம் ஆண்டு வந்த நாளையில நானும் உப்பிடித்தான் குழறினனான்’ங்கறாங்க
கவிதா: ரூமுக்குள்ள திரைச்சீலை மடிப்புல இருந்துச்சு. டப்பாவைக் கவுத்து, அட்டையைச் சொருகி, அப்படியே தூக்கிட்டுப் போய் வாசல் யூகலிப்டஸ் மரத்துல விட்டுட்டாங்க. ரெண்டு நிமிஷம் ஆகல
கவிதா: நிலன் முழிச்சுட்டான். அழவே இல்ல. டப்பாவை எட்டிப் பார்த்து டாட்டா சொல்றான்
கார்த்தி: தாத்தா ரத்தம்
பிரபு: நல்லது. அடுத்த தடவை நீயே பிடிப்ப
கவிதா: அடுத்த தடவையா
பிரபு: வெயில் ஏற ஏற வரும். ஜன்னல் வலையில இடுக்கு இருந்தா ஏஜென்ட்கிட்ட சொல்லி மாத்து. அப்புறம் கார்ல வெயில் மறைக்கிற தட்டு இருக்கே, அதைச் சடார்னு இறக்காதே
கவிதா: ஏன்
பிரபு: சும்மா. மெதுவா இறக்கு

மாலை 6:23
சாந்தி: அந்தம்மா தனியா இருக்காங்களா
கவிதா: ஆமாம்மா. மகள் கான்பெராவில. ரொம்ப நல்லவங்க. பேறுகாலத்துக்குப் பார்த்துக்கறேன், சரக்குக் கறி வச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. கொத்தமல்லி மிளகு மஞ்சள் எல்லாம் வறுத்து இடிச்சு வச்சிருக்காங்களாம்
சாந்தி: ஓ
சாந்தி: சரி
கார்த்தி: அம்மா ‘சரி’ன்னா சரியில்ல
சாந்தி: இல்லடா. அவங்களே பார்த்துக்கறாங்கன்னா நான் எதுக்கு. எனக்கு முழங்கால் வேற. திருச்சில ஏறி சிங்கப்பூர்ல மாறி, ராத்திரி முழுக்க உக்காந்து போய், அங்க கதவுக்கு மேல இதைப் பார்த்தா எனக்கு நெஞ்சே நின்னுடும்
கவிதா: அம்மா டிக்கெட் போட்டாச்சு
சாந்தி: தேதி மாத்தலாம்னு கார்த்தி சொன்னான்
கார்த்தி: நான் எப்ப சொன்னேன்
கவிதா: தீபா அக்காவுக்கு மூணு மாசம் சென்னையில போய் இருந்தீங்க. எனக்கு நிலன் பொறந்தப்பவும் கொரோனான்னு வர முடியல
தீபா: என்னை ஏன் இழுக்கிற 😐
சாந்தி: அப்ப பிளேன் இல்ல. நான் என்ன பண்ணுவேன்
கவிதா: இப்ப இருக்கு
ராஜி: நான் வேணா போறேன். எனக்குப் பூச்சி பயமில்ல. அப்படியே பெர்த்தும் பார்த்துட்டு வருவேன்
பிரபு: அம்மா மறுபடியும் சொல்றேன், ரெண்டும் பக்கம் பக்கம் இல்ல
ராஜகோபால்: விமான வழியில் மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட. பகுதி 3: வெள்ளை வால் சிலந்தி கடித்தால் சதை அழுகும் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு நம்பிக்கை உண்டு. 2003இல் 130 கடிகளை ஆராய்ந்து அது அப்படியில்லை என்று கண்டார்கள். பெரும்பாலும் வலியும் சிவப்பும்தான். ராஜியின் அக்கி போலத்தான் இதுவும். எல்லா ஊரிலும் சிலந்தி மேல் ஒரு பழி இருக்கிறது.
ராஜி: என்னைச் சொல்லாம உங்களுக்கு ஒரு பகுதியும் முடியாது

இரவு 8:05
சாந்தி: கவி தூங்கிட்டியா
சாந்தி: லைட்டை எரிய விட்டுட்டே படு
சுந்தரம்: 👍

புதன்கிழமை

காலை 6:40
கவிதா: இங்க மதியம் ஆயிடுச்சு. ஒண்ணும் இல்ல. நிலன் கிண்டர்கார்டன்ல ‘எங்க வீட்டுக்கு ராஜா வந்தாரு’ன்னு சொல்லப் போறானாம். யாரு சொல்லிக் கொடுத்தது
கார்த்தி: காலைல வீடியோ கால்ல நான்தான் 😁
கவிதா: கார் தட்டை குச்சியால இறக்கினேன். இல்ல
பிரபு: 😂
தீபா: அம்மா சாந்தி சித்தி டிக்கெட் என்ன ஆச்சு
தீபா: ‘அம்மா’ தப்பா வந்துடுச்சு. சித்தி டிக்கெட் என்ன ஆச்சு
ராஜி: அதான் நான் போறேன்னேனே

காலை 7:15
சாந்தி: பிரபு மாப்ள, பிள்ளை கைக்குக் கட்டற வசம்பு கொண்டு போனா ஏர்போர்ட்ல விடுவாங்களா
பிரபு: தின்பண்டம், செடி, வேர், விதை எல்லாம் கார்டுல ஆமான்னு டிக் பண்ணிக் காட்டணும் அத்தை. மறைச்சா அபராதம். பார்த்துட்டு எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்குவாங்க
சாந்தி: லேகியம்?
பிரபு: அதையும் காட்டுங்க
சாந்தி: பருப்புப்பொடி
கவிதா: அம்மா
கவிதா: அப்ப வர்றீங்களா
சாந்தி: சும்மாதான் கேட்டேன்
சாந்தி: அந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதே
ராஜகோபால்: கவனிக்க: சுங்கப் படிவம் நிரப்புவது எப்படி. (பகுதி 1)