ரிப்ளி பள்ளிச் சுற்றுலா: பிள்ளைகளைத் தப்பியோடுபவர்களாக நடிக்க வைக்கலாமா?

குன்றுப்பாதை:
அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ரிப்ளி ஊரில், தப்பி வந்த அடிமைகளுக்கு உதவிய பாதிரியார் ஜான் ராங்கின் வீடு குன்றின் உச்சியில் இருக்கிறது. கீழே ஒஹாயோ ஆறு. அக்கரையில் கென்டக்கி, அங்கே அடிமை முறை சட்டப்படி நடந்தது; ஒஹாயோவில் அது இல்லை. ராங்கின் வீட்டு விளக்கை அடையாளம் வைத்துத்தான் ஆற்றைக் கடந்தவர்கள் மேலே ஏறினார்கள். எட்டாம் வகுப்பைக் கூட்டிப் போனால் குன்றுப் படிகளில் சத்தமில்லாமல் ஏறச் சொல்லுங்கள், ஆசிரியர் ஒருவர் பிடிக்க வருபவராகத் துரத்தட்டும். பத்துப் பாடம் நடத்தினாலும் புரியாதது அங்கே புரியும்.

செந்தாழை:
துரத்தல் கூடவே கூடாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று தெரிந்த பிள்ளைக்கு அது ஓடிப்பிடித்து விளையாட்டு. வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இருந்தால் மற்றவர்கள் பார்வை முழுக்க அவர்கள் மேல்தான் விழும். இந்தியானாவின் கானர் ப்ரெய்ரி அருங்காட்சியகம் 1998இல் இப்படி ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. பார்வையாளர்களை அடிமைகளாக நிறுத்தி நடிகர்கள் அதட்டுவார்கள். கடும் கண்டனம் எழுந்தது; இப்போது அது நடப்பதில்லை.

குன்றுப்பாதை:
அதட்டலை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டியையும் எழுத்துப் பலகையையும் காட்டி முடித்தால் அரைமணியில் கொட்டாவி விடுவார்கள்.

வார்ப்படம்:
கொட்டாவி வருவது வரிசை தப்பாக இருப்பதால். எல்லோரும் மேலே இருக்கும் ராங்கின் வீட்டில் தொடங்குகிறார்கள். அப்போது கதை உதவியவருடையதாகிவிடுகிறது, தப்பியவர் விருந்தாளியாகிவிடுகிறார். ஆற்றோரம் ஜான் பார்க்கர் வீட்டில் தொடங்குங்கள். பார்க்கரை எட்டு வயதில் விற்றார்கள். 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கினார். ரிப்ளியில் இரும்பு வார்ப்படப் பட்டறை நடத்தினார். இரவில் படகில் கென்டக்கிக்கே போய் ஆட்களை அழைத்து வந்தார், அகப்பட்டால் மறுபடி விற்றுவிடுவார்கள் என்று தெரிந்தே.

பிறகு கரையில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். 1838இல் கைக்குழந்தையோடு ஒரு பெண் உருகிக்கொண்டிருந்த பனிக்கட்டி மேல் நடந்து கடந்தது இந்த ஆற்றைத்தான். அகலத்தைக் கண்ணால் பார்த்தால் போதும், நடிக்க வேண்டியதில்லை. குன்று கடைசியில்.

செந்தாழை:
கையில் கொடுக்க இரண்டு தாள் போதும். ஒன்று, தப்பியவரைத் தேடி உரிமையாளர் கொடுத்த பத்திரிகை விளம்பரம். உயரம், தழும்பு, தெரிந்த தொழில், பரிசுத்தொகை எல்லாம் இருக்கும். ‘இந்தத் தழும்பு எப்படி வந்திருக்கும்?’ என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டம். உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வழக்கைக் கேட்கும் ஆணையருக்கு, பிடிபட்டவரைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5. ஒஹாயோவுக்கு வந்த பிறகும் ஏன் கனடா வரை போனார்கள் என்பது அந்த 10க்கும் 5க்கும் நடுவில் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்துவிடும்.

குன்றுப்பாதை:
தாள் நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். இருந்தாலும் படியேற்றத்தை விடமாட்டேன். உடம்பு களைக்கும்போது கேள்வி வேறு மாதிரி வரும்.

வார்ப்படம்:
ஏறட்டும், துரத்தல் இல்லாமல். இப்போதுள்ள படிகள் பிற்காலத்தில் மறுபடி கட்டியவை என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முடியாத பிள்ளைகளை வண்டிப் பாதையில் மேலே கொண்டுபோகலாம். வீடு சின்னது, 12 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் நுழைந்தால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. 48 பேர் என்றால் நான்கு குழு: ஒன்று உள்ளே, ஒன்று ஆற்றைப் பார்த்தபடி வரைபடத்தோடு, மற்ற இரண்டும் தாள்களோடு. இரண்டு வீடும் ஆண்டு முழுதும் திறந்திருப்பதில்லை, நாளைக் கேட்டுவிட்டுப் பேருந்து பேசுங்கள்.

செந்தாழை:
ஒட்டுத்துணிப் போர்வையில் ரகசியக் குறி தைத்து வழிகாட்டினார்கள் என்ற பாடத்தை முன்கூட்டி நடத்தாதீர்கள். 1999இல் வந்த ஒரு நூலால் பரவிய கதை அது. தப்பி வந்தவர்கள் சொல்லி எழுதிய வரலாறுகளில் இல்லை. இப்படித் தப்ப உதவிய வழிகளுக்கு ‘நிலத்தடி ரயில்பாதை’ (Underground Railroad) என்று பெயர், அதனால் சுரங்கம் எங்கே என்றும் கேட்பார்கள். பெரும்பாலும் சுரங்கமெல்லாம் கிடையாது. களஞ்சியம், பரண், சோளக்காடு, இருட்டு, இவைதான்.