சாயங்காலம் ஆனால் இழுக்கும் கால்

மகளுக்கு 6 வயதில் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் ஓடியாடுவாள். பள்ளிவிட்டு வரும்போது வலது பாதம் உள்பக்கம் திரும்பி, நுனிக்காலில் நடப்பாள். ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் மறுபடி சரி. நடிக்கிறாள் என்றார்கள் வீட்டில். ஒரு மருத்துவமனையில் பெருமூளை வாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் பிசியோதெரபிக்கு அலைந்தோம்.

மூன்றாவதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர்தான், "காலையில எப்படி, சாயங்காலம் எப்படி?" என்று கேட்டார். லெவோடோபா என்ற மாத்திரையைக் கொஞ்சமாக எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் மாலை தெருவில் சைக்கிள் ஓட்டினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

செகாவா நோயாம். ஜப்பானில் மசாயா செகாவா 1970-களில் விவரித்தது. மூளையில், புரத உணவிலிருந்து கிடைக்கும் டைரோசின் முதலில் டோபாவாகும், அப்புறம் உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன். முதல் படிக்கான நொதி டைரோசின் ஹைட்ராக்சிலேஸ். அது வேலை செய்ய இரும்பு வேண்டும், பிஎச்4 என்ற துணைக்காரணியும் வேண்டும். இவளுக்கு அந்த பிஎச்4 தயாராவதில்தான் குறை. காரணமான ஜிசிஎச்1 மரபணுவை 1994-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரவில் சேரும் டோபமைன் பகலில் தீர்ந்துவிடுகிறது. லெவோடோபா என்பதே டோபாதான், அதனால் அடைபட்ட படியைத் தாண்டிவிடுகிறது. இது தெரியாமல் நான் பாதாமும் முட்டையுமாக ஊட்டிக்கொண்டிருந்தேன். டைரோசினுக்கா பஞ்சம்!

*

அக்கா, எங்கள் கதை இரண்டாம் படியில். அப்பாவுக்குப் பார்கின்சன். டோபாவை டோபமைனாக்கும் நொதிக்கு வைட்டமின் பி6 துணை. "லெவோடோபா சாப்பிட்டால் பி6 கூடாது" என்று யாரோ சொல்ல, பி காம்ப்ளெக்ஸை நிறுத்திவிட்டோம். டாக்டர் சிரித்தார். லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்த காலத்துப் பேச்சாம் அது. பி6 கூடினால் மருந்து மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் டோபமைனாகிவிடும், டோபமைனால் மூளைக்குள் நுழைய முடியாது. இப்போது மாத்திரையில் கூடவே இருக்கும் கார்பிடோபா அதைத் தடுத்துவிடுகிறது. நாங்கள் செய்த தப்பு வேறு: மாத்திரையை முட்டையோடு கொடுத்தது. உள்ளே போவதற்குப் புரதம் லெவோடோபாவோடு போட்டி போடுமாம். இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்கிறோம், பதினொரு மணிக்கு அப்பாவுக்கு வரும் விறைப்பு குறைந்திருக்கிறது.

உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

*

இருக்கிறது தம்பி. என் மாமியாருக்கு வருடக்கணக்காக மாலையில் கால் இழுக்கும். வயசாச்சு என்றே இருந்தார். பரிசோதனையில் அதே மரபணுக் கோளாறு. இப்போது பேத்தியும் பாட்டியும் ஒரே டப்பாவிலிருந்து மாத்திரை எடுக்கிறார்கள்.